எங்கே நோகுது?



இன்று பொதுக்காலத்தின் 23ஆம் ஞாயிறு. மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு தீர்ப் பட்டினத்தை விட்டு, சீதோன் வழியாகச் சுற்றி, தெக்கப்போலி நாட்டு எல்லைக்குள் கலிலேயக் கடலை அடைகிறார். கடல் என்று சொல்கிறார்கள். உண்மையில் அது நன்னீர் ஏரி, நீளம் 21 கிலோமீற்றர்தான். நமது மட்டக்களப்பு வாவியின் நீளம் 56 கிலோமீற்றர். நாமோ அதை ஆறு என்கிறோம். பெயர் வைப்பதில் அவர்கள் தாராளம், நாம் சிக்கனம். எப்படியோ, தண்ணீரோரத்து மனிதருக்கு நடந்த காரியம் இது. நமக்கு அந்நியம் இல்லை.

காது கேளாத, நாக்குத் திருத்தமாகப் பேசாத ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். இயேசு அவனைக் கூட்டத்திலிருந்து விலக்கித் தனியே கூட்டிக்கொண்டு போகிறார். பல வருசமாக இந்த இடத்தை வாசித்துத் தாண்டிப் போயிருக்கிறேன். ஊரறியப் புதுமை செய்கிறவர் ஏன் ஒதுங்கவேண்டும்? வாயில் குறையோடு வளர்ந்தவர்கள் யாரும் இங்கே இருந்தால் அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வாயைத் திறக்குமுன்னமே வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே கூட்டம், அதுதான் அவர்களுக்கு முதல் நோவு. இயேசு முதலில் அதை அகற்றுகிறார். பிறகு காதில் விரல் வைக்கிறார், உமிழ்நீரால் நாக்கைத் தொடுகிறார், வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், அதன் பிறகுதான் அந்தச் சொல்: எப்பத்தா. திறந்துகொள் என்று பொருள்.

திருமுழுக்கிலும் இந்தச் சடங்கு இருக்கிறது. குரு பெருவிரலால் குழந்தையின் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பார். அதைப்பற்றி நான் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பங்குக்கு நான் இரண்டாம் தடவை வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். முதல் தடவை இருந்தபோது, பத்து வருசத்துக்கு முன்னர், இரண்டு மாதக் குழந்தை ஒன்றுக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன். மேலுதடு இடப்பக்கம் மூக்குத் துவாரம்வரை பிளந்திருந்தது. காதைத் தொட்டேன். வாய்க்கு வந்தபோது என் பெருவிரல் நின்றுவிட்டது. அரைக் கணம் இருக்கும். பிள்ளைக்கு நோகுமோ என்ற பயம் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அது இல்லை. தாய் கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையின் முகத்தை மெல்ல என் பக்கம் திருப்பித் தந்தார்.

அந்தப் பிள்ளையின் கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன். பெற்றோரிடம் கேட்டுத்தான் பேசுகிறேன், பெயர் சொல்லமாட்டேன். பூசை முடிந்து அவனைச் சுற்றிக்கொண்டு நின்று வாயைப் பார்க்கவேண்டாம். இப்போதுதானே அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசினோம்.

பிறந்த அன்றே வீட்டில் விசாரணை தொடங்கியது. கிரகணத்தன்று கத்தி பிடித்தாயா, காய் நறுக்கினாயா? நமது முன்னோர் இந்தக் குறைக்குக் கிரகண மூளி என்றே பெயர் வைத்திருந்தார்கள். உலகமெங்கும் ஏறத்தாழ 700 பிறப்புக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணம் தெரிந்த நாட்டிலும் தெரியாத நாட்டிலும், கத்தியைத் தொட்டவளுக்கும் தொடாதவளுக்கும். கருவில் முதல் மூன்று மாதத்துக்குள், முகத்தின் பகுதிகள் இரு பக்கமிருந்தும் வளர்ந்து வந்து நடுவிலே பொருந்தவேண்டும். எங்கே பொருந்தாமல் நின்றதோ அங்கே பிளவு. யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தது இவனா பெற்றோரா என்று கேட்கிறார்கள். இருவரும் இல்லை என்கிறார் ஆண்டவர். இரண்டாயிரம் வருசமாக அந்தப் பதில் நம் கையில் இருக்கிறது. இருந்தும் ஒரு பெண் பிள்ளைப்பெற்ற கட்டிலில் கிடந்து பஞ்சாங்கத்துக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

மூன்றாம் மாதமளவில் உதட்டைத் தைத்தார்கள். ஒரு வயது கடந்து அண்ணத்தை மூடினார்கள். வெளியே பார்த்தவர்களுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் பல் முளைக்கிற வரம்பிலே, முரசுக்குள், எலும்பே இல்லாத ஓர் இடைவெளி மிஞ்சியிருந்தது. குடிக்கிற கஞ்சி சிலவேளை மூக்கால் வரும். அந்தப் பக்கத்து மூக்கு அடியில் தாங்கல் இல்லாமல் தாழ்ந்திருக்கும். பெரிய சிக்கல், பதினொன்று பன்னிரண்டு வயதில் இறங்கவேண்டிய வேட்டைப்பல். அது இறங்க அங்கே எலும்பு வேண்டுமே.

வாவியின் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் மாரியில் வெட்டித் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் எழுவான்கரையும் படுவான்கரையும் வெள்ளத்தில் நிற்கும். திறப்பதன் அருமை நமக்குத் தெரியும். இந்தப் பிள்ளைக்கோ மூடவேண்டியிருந்தது.

எதைக்கொண்டு மூடுவது? படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவர்களைக் கேட்கிறேன். வெள்ளத்தில் வரம்பு உடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள்? கடற்கரையில் மணல் குவிந்து கிடக்கிறது என்று அள்ளி வந்து போட்டால் நிற்குமா? அதே வயலின் ஒரு மூலையிலே, வேரும் களியும் சேர்ந்த மண்ணை மண்வெட்டியால் கட்டியாக வெட்டி எடுத்து வந்து உடைப்பில் வைத்து மிதிப்பீர்கள். ஒரு மாரி கழிந்தால் எது பழைய வரம்பு, எது ஒட்டு என்று உங்களுக்கே தெரியாது. சத்திரசிகிச்சை நிபுணரும் அதைத்தான் செய்கிறார். பிள்ளையின் சொந்த உடம்பிலேயே ஒரு மூலையைத் தேடுகிறார். அந்த மூலை இடுப்பு.

சாறம் உடுக்கும்போது பக்கவாட்டில் கைக்கு ஒரு எலும்பு விளிம்பு தட்டுப்படுகிறதே, அதுதான். முன்முனையிலிருந்து ஒரு விரலளவு பின்தள்ளிக் கீறுகிறார்கள். முனையை ஒட்டித் தொடைத் தோலுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு ஓடுகிறது, அதைத் தொடக்கூடாது. வளரும் பிள்ளைக்கு அந்த விளிம்பின்மேல் இன்னும் குருத்தெலும்பு மூடியிருக்கும். அதை வெட்டி எறிவதில்லை. பெட்டக மூடியைத் திறப்பதுபோல ஒரு பக்கம் ஒட்டியபடியே திறந்து, உள்ளே இருக்கிற செந்நிறப் பஞ்செலும்பைச் சிறுகரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுத்து, மூடியைப் பழையபடி வைத்துத் தைக்கிறார்கள். வேறு சிலர் குழல்போன்ற ஒரு துளைகருவியை இறக்கி, துண்டு துண்டாக இழுத்தெடுக்கிறார்கள். கீறல் சிறிது, நோவும் குறைவு. நாடியிலிருந்து எடுக்கலாம், ஆனால் கொஞ்சம்தான் கிடைக்கும், கீழ்ப்பற்களின் வேரும் அங்கேதான். முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பிலிருந்தும் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு அங்கே எலும்பு வளரும் தட்டு இருப்பதால் பயந்து பயந்துதான் எடுக்கவேண்டும். விலாவிலிருந்தும் மண்டையோட்டிலிருந்தும் எடுத்தவர்கள் உண்டு. எல்லாம் பார்த்துவிட்டுப் பெரும்பாலானோர் திரும்பி வந்து நிற்பது இடுப்பில்தான்.

எடுப்பது செத்த எலும்பு அல்ல. உயிரணுக்கள் உள்ள எலும்பு. அதனால்தான் அதிக நேரம் வெளியே வைத்திருப்பதில்லை. சில இடங்களில் ஒரு குழு இடுப்பில் எடுத்துக்கொண்டிருக்க, மற்றக் குழு அதே நேரம் வாயில் இடம் ஆயத்தம் செய்யும். மூக்கின் தளத்தை முதலில் தைத்து மூடி, அதன் கீழே பஞ்செலும்பை நிரப்பி, மேலே முரசை இழுத்து மூடித் தைப்பார்கள். கசிவு இருக்கக்கூடாது.

இதை அந்த வீட்டில் விளங்கப்படுத்தியபோது அம்மம்மா கேட்டார்: “மறுகா என்ன பாதர், வாயில இல்லாத எலும்புக்கு இடுப்பில இருக்கிற எலும்பையும் எடுத்துப்போட்டா இவன் எப்பிடி நடக்கிற?”

நல்ல கேள்வி. வேதாகமத்தைத் திறந்தால் இரண்டாம் அதிகாரத்திலேயே அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. ஆதாமின் விலாவைப் பற்றி நீங்கள் எத்தனையோ மறையுரை கேட்டிருப்பீர்கள், பெரும்பாலும் கலியாணப் பூசைகளில். எடின்பரோவில் குளோரோபோமை அறிமுகப்படுத்திய ஜேம்ஸ் யங் சிம்சன் 1847இல் அதே பகுதியை வேறு காரணத்துக்காகத் திறந்தார். நோவு கடவுள் தந்தது, மயக்கமருந்து கொடுத்து அதை அகற்றுவது பாவம் என்று எதிர்த்தவர்களுக்கு, விலாவை எடுக்குமுன் கடவுளே ஆதாமை ஆழ்ந்த தூக்கத்தில் ஆழ்த்தினாரே என்று அவர் எடுத்துக்காட்டினார். நான் அதே பகுதியில் இன்னொன்றைப் பார்க்கிறேன். எலும்பை எடுத்த கடவுள், எடுத்த இடத்தைத் தசையால் மூடினார் என்று தொடக்கநூல் மறக்காமல் சொல்கிறது. ஏவாளின் அழகைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. எலும்பு கொடுத்தவனின் காயத்தைப் பற்றி இருக்கிறது.

அம்மம்மாவுக்கு நான் சொன்ன பதில் சின்னது: நடப்பான், சில நாளைக்கு நொண்டுவான்.

பத்து வருசம் ஏன் காத்திருந்தார்கள் என்றும் அந்த வீட்டில் ஒரு மனக்குறை இருந்தது. ஆயித்தியமலை மாதாவுக்கு நேர்த்தி வைத்து வருசாவருசம் பாதயாத்திரை நடந்த குடும்பம் அது. மாதா கேட்கவில்லை, டொக்டர்மாரும் தவணை சொல்லிக்கொண்டே போகிறார்கள் என்று தாய் அழுதிருக்கிறார். அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் ஒரு கசப்பான படிப்பினை இருக்கிறது. 1950களில் ஐரோப்பாவில் கைக்குழந்தைகளின் முரசிலேயே எலும்பு வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் வளர வளர, முகத்தின் நடுப்பகுதி கூடவே வளரவில்லை. உதவி செய்யப்போன கையே வளர்ச்சியைக் கட்டிவிட்டது. பிறகு 1972இல் அமெரிக்காவில் பாய்ன், சான்ட்ஸ் என்ற இருவர் எழுதினார்கள்: பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் வந்துகொண்டிருக்கும் வயதுவரை பொறுங்கள், வேட்டைப்பல் இறங்குமுன் வையுங்கள். எட்டு வயதுக்கும் பதினொன்றுக்கும் இடைப்பட்ட காலம் அது. வேட்டைப்பல்லின் வேர் பாதிக்குமேல் வளர்ந்திருக்கவேண்டும், பல் வெளியே வந்திருக்கக்கூடாது. வயலில் தண்ணீர் கட்டுகிறவனுக்கு இருக்கிற, நேரம் பார்க்கிற கண் இதற்கும் வேண்டும்.

இதே பாடத்தின் இன்னொரு பாதியை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் இலங்கையர். 1980களின் நடுவில் மைக்கல் மாஸ் என்ற பிரித்தானியப் பல் சீரமைப்பு நிபுணர் காலியில், கராப்பிட்டிய வைத்தியசாலையில், ஒரு குழுவோடு பிளவுச் சிகிச்சைத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். குழந்தைகள் வருவார்கள் என்று பார்த்தால் வளர்ந்த ஆண்களும் பெண்களும் வந்தார்கள். பிறந்த நாள்முதல் எந்தச் சத்திரசிகிச்சையும் காணாத முகங்கள். மேற்கு நாடுகளில் அப்படிப்பட்டவர்களைக் காண்பது அரிது. அவர்களின் தாடைகளை அளந்து பார்த்தபோது, பிளவு இருந்தும் மேல்தாடை வளரவேண்டிய அளவுக்குப் பெரும்பாலும் வளர்ந்திருந்தது. பிளவு அல்ல, சிறுவயதில் வைத்த கத்தியின் தழும்புதான் வளர்ச்சியைக் கட்டுகிறது என்ற முடிவுக்கு அது வலுக்கொடுத்தது. 1990இல் அவரும் ஹூஸ்டன் என்பவரும் அதைப் பிரசுரித்தார்கள். பெரிய வைத்தியசாலைகளின் பிள்ளைகளுக்கு இன்று கிடைக்கிற கவனத்தில், சிகிச்சையே கிடைக்காமல் வாழ்ந்த நம் நாட்டு ஏழைகளின் முகங்களும் பங்குகொடுத்திருக்கின்றன. அவர்களிடம் நன்றி சொன்னவர் எத்தனை பேர்? அந்த யுத்த வருசங்களில் நம் பக்கத்திலிருந்து கண்டிக்கோ காலிக்கோ ஒரு பிள்ளையைக் கொண்டுபோவது என்றால் எத்தனை காவலரண் தாண்டவேண்டும் என்பது இங்கே இருக்கிற பெரியவர்களுக்குத் தெரியும். அப்படிக் கொண்டுபோக ஆளில்லாமல் வளர்ந்து, சந்தையில் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசுகிற சிலரை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இந்தப் பிள்ளையின் சத்திரசிகிச்சைக்கு மறுநாள் நான் வைத்தியசாலைக்குப் போனேன். செங்கலடியால் திரும்பி, மகா ஓயா, மகியங்கனை, பதினெட்டு வளைவு. வளைவு ஏறுமுன்னமே எனக்கு வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. வாய்திறந்து சாப்பிட முடியாத பிள்ளைக்கு ஒரு பை நிறைய பிஸ்கட் வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அவ்வளவு புத்தி. முகம் வீங்கி, உதட்டோரம் இரத்தம் காய்ந்திருந்தது. எங்கே நோகுது மகன் என்று கேட்டேன். வாயைத் தொட்டுக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போர்வையை விலக்கி இடுப்பைக் காட்டினான்.

“வாய் நோகல்ல பாதர். இங்கதான்.”

தாதி சிரித்தார். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானாம். தைத்த வாயை ஆள் ஆளாக வந்து பார்க்கிறார்கள், நோவு இருப்பது சாறத்துக்குள். சற்று நேரத்தில் அவனை எழுப்பி நடக்கவிட்டார்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, சன்னல்வரை போனான். காலை வெளிச்சம் முகத்தில் பட்டது. எனக்கு யாக்கோபுதான் நினைவுக்கு வந்தார். யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுக்க மல்லுக்கட்டி, இடுப்புச் சந்தில் அடி வாங்கி, ஆசீரும் புதுப்பெயரும் பெற்று, சூரியன் உதிக்கும் நேரம் நொண்டிக்கொண்டு போகிறாரே, அவர். ஆசீர் வாங்கியவர் நேராக நடந்து போனதாக வேதாகமம் சொல்லவில்லை.

வாய்க்கு இல்லாதது இடுப்பில் இருந்தது. இடுப்பு கொடுத்தது, நோவையும் அதுவே வாங்கிக்கொண்டது. கொரிந்து நகரத்துச் சபைக்குப் பவுல் உடலின் உறுப்புகளைப் பற்றி எழுதும்போது, கண் கையைப் பார்த்து நீ தேவையில்லை என்று சொல்ல முடியாது என்கிறார். மறைந்திருக்கிற உறுப்புக்கே கூடுதல் மதிப்பு என்கிறார். பல தடவை பிரசங்கித்திருக்கிறேன். அன்று அந்தக் கட்டிலருகேதான் அது எனக்கு உறைத்தது.

இன்றைய இரண்டாம் வாசகமான யாக்கோபு திருமுகம் நம்மைக் கேட்கிறது. பொன்மோதிரம் போட்டவன் வந்தால் முன்னால் இருத்துகிறோம், அழுக்கு உடுப்போடு ஏழை வந்தால் நில் என்கிறோம். மோதிரத்தை விடுங்கள். வாசகம் வாசிக்க இந்தப் பிள்ளையை நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சொல் மூக்கால் போகும், மைக்கில் எடுபடாது என்று மனதுக்குள் ஒரு கணக்கு. திருமுழுக்கில் நின்ற பெருவிரல் பத்து வருசமாக அங்கேயே நின்றிருக்கிறது. அடுத்த மாதம் அவன் வாசிப்பான். தைத்த இடம் ஆறட்டும் என்று டொக்டர் சொன்னதால்தான் இந்த ஞாயிறு இல்லை.

இன்னொரு விசயம். வைத்த எலும்புக்கு வேலை வேண்டும். அதற்குள் பல் இறங்கினால் அது நிலைக்கும். பல்லும் இல்லை, பாரமும் இல்லை என்று வெறுமையாகக் கிடந்தால் உடம்பே அதை மெல்ல மெல்லக் கரைத்துவிடும். ஆகவே கதை முடியவில்லை. சில மாதத்தில் எக்ஸ்ரே, அதன் பிறகு பல்லுக்குக் கம்பி, வேட்டைப்பல் இறங்கும்வரை மாதத்துக்கொரு பயணம். தகப்பன் தோணிக்குப் போகாத நாளில் அந்த வீட்டில் அடுப்பெரிவது கஷ்டம். சத்திரசிகிச்சைக்கு முன்னர் உண்டியலில் போட்டீர்கள், நன்றி. இனி வேண்டியது கூடப் போகிற ஆள். விடியற்புறம் பஸ்ஸில் ஏறி, கிளினிக்கில் துண்டு எடுத்து வரிசையில் நின்று, இரவு திரும்பிக் கொண்டுவந்து விடுகிற ஆள். சிங்களம் தெரிந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. மாதத்துக்கு ஒருவர், வருசத்துக்குப் பன்னிரண்டு பேர். கொப்பி ஒன்று பங்குமனை மேசையில் இருக்கிறது.

இந்த வருசம் ஆயித்தியமலைக்கு அவன் நடக்கவில்லை. தகப்பன் தனியே நடந்தார்.

அவனுக்கு ஒரு அக்கா இருக்கிறாள், பதினாறு வயது. தாயும் தகப்பனும் வைத்தியசாலையில் நின்ற நாட்களில் சின்னதுகள் இரண்டையும், அம்மம்மாவையும் பார்த்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, வகுப்புகளை விட்டுவிட்டு வீட்டில் நின்றவள். அடுத்து சாதாரண தரப் பரீட்சை என்று கேள்வி. நான் அந்த வீட்டுக்கு மூன்று தரம் போயிருக்கிறேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். நான் தம்பியைப் பற்றிக் கேட்பேன், அவள் சொல்லுவாள், மறுபடி குசினிக்குள் போய்விடுவாள். எங்கே நோகுது என்று அவளிடம் நான் கேட்கவில்லை.

பின்வரிசையில் இருக்கிறாள். பார்க்கவேண்டாம். பூசை முடிந்து நான் போவேன்.

எழுந்து நின்று விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.